காய்ச்சலில் வெந்நீர்க் குளியல்: எழுந்து நிற்கும் அந்த நொடி

இரண்டு நாள் காய்ச்சலில் படுத்துக் கிடந்தவருக்கு வெந்நீரில் குளித்தால் தேவலை என்று தோன்றும். உடம்பு வலி குறையும், பிசுபிசுப்பு போகும், மூக்கடைப்பும் கொஞ்சம் விடும். குளிக்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஆபத்து எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு குளிக்க வேண்டும்.

வெந்நீர் பட்டதும் தோலின் ரத்தக் குழாய்கள் விரிகின்றன. சாதாரண நேரத்தில் தோல் வழியாக நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் குறைவான ரத்தம்தான் ஓடும். கடும் வெப்பத்தில் அது 7 லிட்டர் வரைகூடப் போகும். குழாய்கள் விரிந்தால் ரத்த அழுத்தம் இறங்கும். ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கும்.

இப்போது எழுந்து நிற்கிறீர்கள். நிற்கும்போது 500 முதல் 800 மில்லிலிட்டர் ரத்தம் கால்களுக்கும் வயிற்றுப் பகுதிக்கும் இறங்கும். கழுத்துத் தமனியில் உள்ள உணர்விகள் இதைக் கண்டுபிடித்து, சில நொடிகளில் குழாய்களைச் சுருக்கி மூளைக்கு ரத்தம் கிடைக்கச் செய்யும். தினமும் நமக்குத் தெரியாமலே நடக்கிற வேலை இது. ஆனால் வெந்நீரில் தோல் குழாய்கள் விரிந்தபடியே நிற்க, காய்ச்சலில் வியர்த்தும் சரியாகத் தண்ணீர் குடிக்காமலும் ரத்தத்தின் அளவே குறைந்திருக்கிறது. வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் இன்னும் மோசம்.

தொட்டிக் குளியலில் இன்னொன்றும் சேரும். தண்ணீரின் அழுத்தம் கால்களைச் சுற்றி இறுக்கி ரத்தத்தை மார்புக்கு ஏற்றி வைத்திருக்கும். வெளியே வந்ததும் அந்தப் பிடி விட்டுப்போகும். மூளைக்கு ரத்தம் குறைந்து மயக்கம் வருமுன் ஒரு கொட்டாவி வரலாம். காதில் ரீங்காரம், கண்ணில் சாம்பல் நிறத் திரை, நெற்றியில் குளிர்ந்த வியர்வை. இந்த நேரத்தில் "துண்டை எடுத்துக்கொண்டு போய்விடலாம்" என்று நினைக்காதீர்கள். நின்ற இடத்திலேயே உட்கார்ந்து தலையைக் குனிந்துகொள்ளுங்கள்.

சரி, குளிர் நடுக்கத்தில் வெந்நீர் தேடுகிறோமே, அது ஏன்? காய்ச்சலில், மூளையில் உடம்பின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி வெப்ப இலக்கை உயர்த்திவிடுகிறது. அதனால் உடம்பு 38 டிகிரி செல்சியஸில் இருந்தாலும் குளிர்கிறது. அப்போது சூடான தண்ணீரில் கிடந்தால் உடம்பின் வெப்பம் இன்னும் ஏறும். தண்ணீருக்குள்ளும் ஆவி நிறைந்த அறையிலும் வியர்வை ஆவியாகாது என்பதால் வெப்பம் வெளியேறவும் வழியில்லை.

ஆகவே தண்ணீர் 37, 38 டிகிரி செல்சியஸ் போதும். 40-ஐத் தாண்ட வேண்டாம். பத்து நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். முன்னும் பின்னும் தண்ணீர் குடியுங்கள். ஷவரில் நிற்பதைவிட வழுக்காத முக்காலியில் உட்கார்ந்து குளிப்பது நல்லது. கடைசி ஓரிரு நிமிடம் தண்ணீரைக் கொஞ்சம் ஆறவிட்டு, மெதுவாக எழுந்திருங்கள். கதவைத் தாழிடாதீர்கள், வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். தலை சுற்றுகிறதா, காய்ச்சல் 39-க்கு மேலா? அன்று ஈரத்துணியால் துடைத்துக்கொண்டால் போதும்.

ரத்த அழுத்த மாத்திரைகளில் பல, நெஞ்சுவலிக்கான நைட்ரோகிளிசரின், புரோஸ்டேட்டுக்கான சில மாத்திரைகள் எல்லாம் குழாய்களை விரிப்பவை. வெந்நீரோடு சேர்ந்தால் அழுத்தம் இன்னும் சரியும். ஃபென்டனில் வலிநிவாரணப் பட்டை ஒட்டியிருப்பவர்கள் சூடான தண்ணீரில் ஊறவே கூடாது. வெப்பத்தில் மருந்து வேகமாக உடம்பில் ஏறி மூச்சையே நிறுத்திவிடக்கூடும். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் காலை நம்பாமல் தெர்மோமீட்டரால் சூடு பாருங்கள். 60 டிகிரித் தண்ணீர் ஐந்தாறு நொடியிலேயே தோலை ஆழமாகச் சுட்டுவிடும்.

அப்புறம், கேஸ் ஹீட்டர். குளிக்கும்போது மட்டும் தலைவலியும் குமட்டலும் வந்து, வெளியே வந்தால் சரியாகிறது என்றால் காய்ச்சலைக் குற்றம் சொல்லாதீர்கள். கேஸ் சரியாக எரியாதபோது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவாக இருக்கலாம். ஹீட்டரை நிறுத்தி, சரிபார்க்கும்வரை பயன்படுத்தாதீர்கள்.

தொட்டியிலேயே ஒருவர் மயங்கிவிட்டால் தனியாகத் தூக்க முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். முகத்தைத் தண்ணீருக்கு மேலே பிடித்துக்கொண்டு அடைப்பானைப் பிடுங்கிவிட்டு, சத்தம் போட்டு ஆளையும் ஆம்புலன்ஸையும் கூப்பிடுங்கள். மூச்சு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். தண்ணீர் வடிந்ததும் கால்களைத் தொட்டி விளிம்பின் மேல் உயர்த்தி வைத்தால், இறங்கிய ரத்தம் மூளைக்குத் திரும்பும்.