தற்செயலுக்கும் ஒரு தராசு வேண்டும்

1938 ஏப்ரல் 6. அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனத்தின் ஆய்வகம் ஒன்றில் ராய் பிளங்கெட் என்ற இளம் வேதியியலாளரும் அவருடைய உதவியாளரும் ஒரு சிறிய சிலிண்டரின் வால்வைத் திறந்தார்கள். உள்ளே டெட்ராஃபுளோரோஎத்திலீன் வாயு இருக்க வேண்டும்; புதிய குளிரூட்டி ஒன்றைத் தயாரிக்க அது தேவைப்பட்டது. வாயு வரவில்லை. வால்வில் அடைப்பு இருக்குமோ என்று கம்பியை விட்டுக் குத்தியும் பார்த்தார்கள். பலனில்லை.

வாயு கசிந்து தீர்ந்திருக்கும் என்று முடிவுகட்டி அடுத்த சிலிண்டருக்குக் கை நீட்டுவதுதான் வழக்கம். ஆனால் சிலிண்டரின் எடை குறையவே இல்லை. வால்வைக் கேட்டால் காலி என்கிறது, தராசைக் கேட்டால் நிறைந்திருக்கிறது என்கிறது. சிலிண்டரை அறுத்துப் பார்த்தார்கள். உள்ளே மெழுகுபோல் வழுக்கும் வெள்ளைத் தூள். வாயுவின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து நீண்ட சங்கிலிகளாகியிருந்தன. அமிலத்துக்கும் அசைந்து கொடுக்காத அந்தத் தூள்தான் டெஃப்லான்.

இத்தகைய கதைகளைக் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கணக்கில் சேர்த்துவிடுகிறோம். என் பார்வையில் இதில் தற்செயலின் பங்கு கொஞ்சம்தான். ஆய்வகங்களில் ஏதாவது ஒன்று கொட்டாத நாளோ, கெடாத நாளோ இல்லை. அரிதானது வேறு: நடந்த பிசகு அழியாத தடயம் ஒன்றை விட்டுச்செல்ல வேண்டும், அந்தத் தடயம் யாரோ ஒருவருடைய எதிர்பார்ப்போடு நேருக்கு நேர் மோத வேண்டும். எடை இவ்வளவு இருக்க வேண்டும் என்று முன்பே தெரிந்தவருக்குத்தான் அது குறையாதது வியப்பு.

மோதல் நிகழாவிட்டால் என்னாகும் என்பதற்கும் சான்று உண்டு. 1890 பிப்ரவரியில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆர்தர் குட்ஸ்பீட் என்ற இயற்பியலாளரும் ஒரு புகைப்படக்காரரும் வேலை செய்துகொண்டிருந்த இடத்தில் புகைப்படத் தட்டுகள் கிடந்தன. அருகே மின்பாய்ச்சல் குழாய் ஒன்று, அதாவது காற்று நீக்கி மின்சாரம் பாய்ச்சும் கண்ணாடிக் குழாய், இயங்கியது. தட்டு ஒன்றைக் கழுவியபோது நாணயம்போல் வட்ட நிழல் விழுந்திருந்தது. காரணம் புரியவில்லை, எடுத்து வைத்துவிட்டார்கள். 1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கில் வில்ஹெல்ம் ரோண்ட்கென் அதே வகைக் குழாயைக் கருப்பு அட்டையால் மூடி, ஒளி ஒரு பொட்டும் வெளியே கசியக் கூடாது என்று சரிபார்த்துக்கொண்டிருந்தார். தள்ளியிருந்த, பேரியம் சேர்மம் பூசிய திரை மினுங்கியது. இருட்டையே எதிர்பார்த்தவர் கண்ணுக்கு அது தப்பவில்லை. டிசம்பர் 28-க்குள் எக்ஸ் கதிர்கள் பற்றிய கட்டுரையைக் கொடுத்துவிட்டார். செய்தி வந்த பிறகுதான் குட்ஸ்பீட் பழைய தட்டைத் தேடி எடுத்தார்.

ஆயத்தமான மனத்துக்கே தற்செயல் துணைநிற்கும் என்று 1854-இல் லூயி பாஸ்டர் சொன்னது எல்லோருக்கும் தெரியும். பாதி உண்மைதான் என்று நினைக்கிறேன். ஆயத்தம் கண்ணைக் கட்டவும் செய்யும். 2013-இல் வெளியான ஆய்வு ஒன்றில், நுரையீரல் ஸ்கேன் படங்களில் சிறு கட்டிகளைத் தேடுமாறு 24 கதிரியக்க மருத்துவர்களிடம் கேட்டார்கள். கடைசிப் படத்தில் ஒரு கொரில்லாவின் உருவத்தைச் செருகியிருந்தார்கள். சராசரிக் கட்டியைப்போல் 48 மடங்கு பெரியது. 20 பேர் கவனிக்கவில்லை. அவர்களில் பெரும்பாலோர் அதன்மேல் நேராகவே பார்வையைச் செலுத்தியதைக் கண்ணசைவுப் பதிவு காட்டியது. மூளை தேடுவதைப் பிடித்துக்கொள்கிறது, மற்றதைக் கழித்துவிடுகிறது. அன்றாட வேலைக்கு அது நல்லது, கண்டுபிடிப்புக்குத்தான் தொல்லை.

பென்சிலின் கதையில் கண்ணைக் காப்பாற்றியது பழைய பரிச்சயம். 1921-இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் தம் மூக்குச்சளியைப் பாக்டீரியாத் தட்டில் விட்டு, சுற்றியிருந்த கூட்டம் கரைவதைக் கண்டிருந்தார். அதனால் 1928 செப்டம்பரில் விடுமுறை முடிந்து லண்டன் ஆய்வகத்துக்குத் திரும்பியபோது, பூஞ்சை படர்ந்த தட்டில் பாக்டீரியா கரைந்திருந்த தோற்றம் அவருக்குப் புதிதல்ல.

அந்தத் தட்டு உருவான விதத்தைப் பாடநூல்கள் இரண்டு வரியில் தாண்டிவிடுகின்றன, சுவையே அங்கேதான். பென்சிலின், பாக்டீரியா தன் செல்சுவரைக் கட்டுவதைக் கெடுக்கிறது. பெருகிக்கொண்டிருக்கும் பாக்டீரியாதான் அதற்குச் சாகும். வளர்ந்து முடிந்த கூட்டத்தின் பக்கத்தில் பூஞ்சையை வைத்தால் குறிப்பிடும்படி எதுவும் நடக்காது. ஆக, பூஞ்சை முந்தியிருக்க வேண்டும், பாக்டீரியா பிந்தியிருக்க வேண்டும். பூஞ்சைக்குக் குளிர்ச்சி பிடிக்கும், தட்டிலிருந்த பாக்டீரியாவான ஸ்டாஃபிலோகாக்கஸுக்கு உடல் வெப்பம் வேண்டும். ஃபிளெமிங்கோடு பணியாற்றிய ரொனால்ட் ஹேர் பின்னாளில் வானிலைப் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தார். அந்த ஜூலைக் கடைசியில் லண்டன் சில நாட்கள் குளிர்ந்திருந்தது, பிறகு வெயில் ஏறியது. தட்டை அடைகாக்கும் பெட்டியில் வைக்காமல் மேசையிலேயே விட்டுப் போனதால்தான் இந்த வரிசை அமைந்தது என்பது அவர் விளக்கம். அதற்குப் பிறகும் மருந்து கிடைத்துவிடவில்லை. பூஞ்சைச் சாற்றைத் தூய்மைப்படுத்த ஃபிளெமிங்கால் முடியவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் ஃபுளோரி, செயின், ஹீட்லி என்ற ஆய்வாளர்கள் அதை எலிகளிடம் சோதித்தது 1940 மே மாதத்தில்.

அமெரிக்க விஞ்ஞானி பார்னெட் ரோசன்பர்க் விஷயத்தில் அவரது விளக்கமே தவறாக இருந்தது. செல்பிரிவை மின்புலம் பாதிக்குமா என்று அறிய, பாக்டீரியா மிதந்த கரைசலில் பிளாட்டினக் கம்பிகளைச் செருகி மின்சாரம் பாய்ச்சினார். பாக்டீரியா பிரியவில்லை, நூல்போல் இயல்பைவிடப் பல நூறு மடங்கு நீண்டுகொண்டே போனது. மின்புலத்தின் வேலை என்று தோன்றுவது இயல்பு. பிளாட்டினம் எதோடும் வினைபுரியாது என்ற நம்பிக்கையால்தான் அந்தக் கம்பிகளையே தேர்ந்தெடுத்திருந்தார்கள். கரைசலை மட்டும் தனியே எடுத்துச் சோதித்தபோது அதிலேயே அந்த ஆற்றல் இருந்தது. மின்முனையிலிருந்து கசிந்த பிளாட்டினம் கரைசலிலிருந்த அம்மோனியம் குளோரைடோடு சேர்ந்து புதிய சேர்மங்களாகியிருந்தது. செல் பிரிவதை நிறுத்துகிறது என்றால் புற்றுநோய்க்குப் பயன்படுமே என்ற அடுத்த கேள்விதான் சிஸ்பிளாட்டின் என்ற மருந்தைத் தந்தது. 1978-இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது.

இப்போது சில வேதியியலாளர்கள் தற்செயலுக்காகக் காத்திருப்பதில்லை. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர் டேவிட் மேக்மில்லன் குழு, ஒன்றோடொன்று வினைபுரியும் என்று யாரும் நினைத்திராத பொருள்களை இயந்திரத்தின் துணையோடு ஜோடி ஜோடியாகக் கலந்து, ஒளியில் வினைபுரியவிட்டு, எதிர்பாராத எடையுள்ள மூலக்கூறு எந்தக் குப்பியில் தோன்றுகிறது என்று கருவியைக் கொண்டு தேடியது. 2011-இல் அப்படிச் சிக்கிய ஒரு வினையை அவர்கள் வெளியிட்டார்கள். பெரும்பாலான குப்பிகளில் எதுவும் நடப்பதில்லை. நடந்த குப்பியைத் தவறவிடாமல் எடுத்துக் காட்டுவது அங்கேயும் எடை பார்க்கும் கருவிதான்.