வெதுவெதுப்பான நீர்மோர் எப்படிக் குளிர்விக்கிறது?

சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்கும் நாளன்று மதுரையில் நடந்தவர்களுக்குத் தெரியும், எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு நீர்மோர்ப் பந்தல் இருக்கும். அண்டாவில் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் மிதக்கும். வாங்கிக் குடித்தால் அந்த மோர் அப்படியொன்றும் ஜில்லென்று இருக்காது. காலையிலிருந்து வெக்கையில் நின்ற அண்டா அது. ஆனாலும் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு நிழலில் பத்து நிமிஷம் நின்றால் உடம்பு தெளிந்துவிடும். குளிராத மோர் எப்படிக் குளிர்ச்சி தருகிறது?

சின்னக் கணக்கு ஒன்று போட்டால் பிடிபடும். 10 டிகிரியில் இருக்கும் ஐஸ் தண்ணீரை அரை லிட்டர் குடிக்கிறோம். அது 37 டிகிரிக்கு வரும்வரை உடம்பிலிருந்து எடுத்துக்கொள்ளும் வெப்பம் 13.5 கிலோகலோரி, அவ்வளவுதான். அதே அரை லிட்டர் வியர்வையாக வெளியே வந்து தோலிலிருந்து ஆவியானால், ஏறக்குறைய 290 கிலோகலோரியைத் தூக்கிக்கொண்டு போகிறது. இருபது மடங்குக்கும் மேல்! தண்ணீர் ஆவியாக மாறுவதற்கு ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் 580 கலோரி வெப்பம் தேவை. அந்த வெப்பத்தை அது நம் தோலிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

கத்திரி வெயிலில் வெளியே 40 டிகிரி இருக்கும்போது காற்று நம்மைக் குளிர்விக்காது, அதுவே நமக்குச் சூடேற்றும். தோலின் வெப்பநிலை 35 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும் என்பதால் வெப்பம் வெளியிலிருந்து உள்ளே வருகிறது. அப்போது உடம்புக்கு மிஞ்சும் வழி வியர்வை ஒன்றுதான். ஆக, கோடைச் சாப்பாட்டின் உண்மையான வேலை, வியர்வை வற்றாமல் பார்த்துக்கொள்வது. அதற்குத் தண்ணீர் வேண்டும், கூடவே உப்பும் வேண்டும்.

சாயங்காலம் கட்டட வேலை முடிந்து பஸ்ஸில் ஏறுகிறவர்களின் சட்டை முதுகைப் பாருங்கள். வியர்வை காய்ந்த இடத்தில் உப்புப் பூத்து வெள்ளைக் கோடு கோடாக நிற்கும். ஒரு லிட்டர் வியர்வையில் பெரும்பாலும் 1 முதல் 4 கிராம் உப்பு போகிறது. வெயிலில் கடுமையாக வேலை செய்கிறவருக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வியர்ப்பது சாதாரணம். இப்படி உப்பை இழந்தவர் வெறும் தண்ணீரையே செம்பு செம்பாகக் குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல் எல்லாம் வரும். அது மட்டுமில்லை, குடித்த தண்ணீரில் பெரும்பகுதி சிறுநீராகப் போய்விடும். தண்ணீரை உடம்பில் பிடித்துவைப்பதே உப்புதான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி சிறுகுடலில் நடப்பது. குடலின் சுவரில் ஒரு வாசல் இருக்கிறது. சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாக வந்தால் அது இரண்டையும் உள்ளே விடும், பின்னாலேயே தண்ணீரும் போகும். இதை 1960இல் பிராகாவில் நடந்த ஒரு கூட்டத்தில் முன்வைத்தவர் உயிர்வேதியியல் அறிஞர் ராபர்ட் கிரேன். 1971இல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தில் இருக்கும் பொங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரையே குடிக்கக் கொடுத்து ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார். இன்று மருந்துக்கடையில் கிடைக்கும் ஓஆர்எஸ் பொட்டலமும் இதே வழியில் வந்ததுதான். லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், கூடவே கொஞ்சம் பொட்டாசியமும் சிட்ரேட்டும்.

இப்போது பழைய சோற்றை நினைத்துப் பாருங்கள். ராத்திரி மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடி வைக்கிறோம். விடிவதற்குள் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகி லேசாகப் புளிக்க வைத்துவிடுகின்றன. காலையில் கல் உப்புப் போட்டுக் கையால் பிசைந்து, அந்த நீராகாரத்தோடு குடிக்கிறோம். சோற்றின் மாவுச்சத்து செரித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குளுக்கோஸாகிறது, பக்கத்தில் உப்பு இருக்கிறது. அந்த வாசலுக்குத் தேவையான ஜோடி தயார்! மாவுச்சத்து ஒரே மொத்தமாகக் கரைந்துவிடாமல் மெதுவாக உடைவதால் குடலுக்குப் பாரமும் இல்லை. கம்பங்கூழும் மோரும் சின்ன வெங்காயமும் இதே கதைதான். உப்புப் போடாத கூழை விட உப்புப் போட்ட கூழ் உழைக்கிறவருக்கு நல்லது என்பதை அழுத்தியே சொல்வேன்.

நீர்மோரில் பெரும்பகுதி தண்ணீர். வெண்ணெய் எடுத்ததால் கொழுப்பு மிகவும் குறைவு, அதனால் வயிற்றில் தங்காமல் சீக்கிரம் இறங்கும். பாலிலிருந்து வந்த பொட்டாசியமும் கொஞ்சம் சர்க்கரையும் இருக்கின்றன. ஒரு லிட்டருக்குக் கால் டீஸ்பூன் உப்புப் போட்டால் சுமார் ஒன்றரை கிராம், ஓஆர்எஸ்ஸில் இருப்பதில் பாதிக்கு மேல் வந்துவிடுகிறது. ரத்தக்கொதிப்பு, சிறுநீரகப் பிரச்சினை இருக்கிறவர்கள் மட்டும் உப்பு விஷயத்தில் மருத்துவர் சொல்வதைக் கேட்க வேண்டும்.

பானகமும் பதநீரும் வேறு வகை. பதநீர் இறக்கும் கலயத்தில் உள்பக்கம் சுண்ணாம்பு தடவுவார்கள். காரத்தன்மை ஏறினால் ஈஸ்டுகளால் வேலை செய்ய முடியாது, பதநீர் கள்ளாகாமல் நிற்கிறது. அருமையான வேதியியல். ஆனால் பதநீரில் சர்க்கரை அதிகம். சர்க்கரை மிகுந்த எதுவும் இரைப்பையிலிருந்து மெதுவாகத்தான் இறங்கும், கோலா வகைகளும் அப்படித்தான். களைப்புக்குப் பதநீர் நல்லது, தாகத்துக்கு மோர் நல்லது. பானகத்தையும் வெல்லம் தூக்கலாக இல்லாமல் நீர்க்கக் கரைத்தால்தான் கோடைக்குப் பொருந்தும். நுங்கு ஏறக்குறைய முழுக்கத் தண்ணீர், மென்று தின்னும் தண்ணீர் என்றே சொல்லலாம்.

மோரில் தட்டிப்போடும் பச்சை மிளகாய்க்கும் வேலை உண்டு. அதிலுள்ள கேப்சைசின், சூட்டை உணரும் நரம்பு ஏற்பியைத் தட்டிவிடுகிறது. இந்த ஏற்பியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. சூடு பட்டதாக மூளை நம்புகிறது, நெற்றி வியர்க்கிறது. புதினா நேரெதிர். மெந்தால் குளிரை உணரும் ஏற்பியைத் தொடுவதால் வாய் ஜில்லென்று ஆகிறது, ஆனால் உடம்பின் வெப்பம் கொஞ்சமும் இறங்குவதில்லை. சுகமாக இருக்கும், குடியுங்கள். வெயிலில் நிற்க அதை நம்பக் கூடாது, அவ்வளவுதான்.

இத்தனைக்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது. வியர்வை ஆவியாக வேண்டும். மதுரை, வேலூர் போன்ற வறண்ட ஊர்களில் அது சட்டென்று காயும். சென்னையில் கடல் ஈரத்தில் காயாமல் சொட்டும், சொட்டிய வியர்வையால் எந்தக் குளிர்ச்சியும் இல்லை. அங்கே மோரோடு காற்றோட்டமும் வேண்டும், குறைந்தது ஒரு விசிறியாவது. மண்பானைத் தண்ணீர் மதுரையில் நன்றாகக் குளிர்வதற்கும், சென்னையில் அந்த அளவு குளிராததற்கும் இதே காரணம்தான்.

வயதானவர்களுக்கு வியர்ப்பதே குறைவு, தாகமும் தாமதமாகத்தான் தெரியும். அவர்கள் கேட்பதற்கு முன்பே நாம் மோரைக் கொடுத்துவிட வேண்டும். கூடவே ஈரத்துண்டு போர்த்தி விசிறினால், வராத வியர்வையின் வேலையை அந்த ஈரம் செய்யும். அழகரை வரவேற்கத் தோல்பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சுகிறார்களே, அந்தத் தண்ணீர் பட்ட கூட்டத்துக்குக் கிடைப்பதும் இதே குளிர்ச்சிதான். ஆனால் வெயிலில் ஒருவர் உளற ஆரம்பித்தாலோ மயங்கினாலோ வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். நிழலுக்குத் தூக்கிப்போய், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே 108க்குக் கூப்பிடுங்கள். மோரை அவர் எழுந்து உட்கார்ந்த பிறகு கொடுத்துக்கொள்ளலாம்.