பிழைச்செய்தி வராத இழப்பு: டேப் கோப்புகளை டிக்‌ஷனரியாக்கும்போது கவனிக்க வேண்டியவை

டேப் எழுத்தால் பிரிக்கப்பட்ட உரைக்கோப்பைப் பைத்தான் நிரல்மொழியில் படித்து, சாவியைச் சொன்னால் அதற்குரிய மதிப்பைத் தரும் டிக்‌ஷனரியாக மாற்றுவது ஐந்தாறு வரிகளில் முடிந்துவிடும் வேலை என்பதால், அந்த வரிகளை யாரும் இரண்டாவது முறை பார்ப்பதில்லை. தரவுப் பணியில் பிறர் எழுதும் நிரல்களைச் சரிபார்ப்பது என் அன்றாட வேலைகளுள் ஒன்று. பிழை காட்டி நின்றுவிடும் நிரலால் பெரிய சேதம் வருவதில்லை. இறுதிவரை ஓடி, இடையில் பல வரிகளை விழுங்கிவிட்டு, எல்லாம் முறையாக முடிந்தது போன்ற தோற்றத்தைத் தரும் நிரலிடம்தான் எச்சரிக்கை வேண்டும்.

முதல் இழப்பு பெரும்பாலும் வரியைப் பிரிக்கும் இடத்திலேயே நேர்கிறது. ஜியோநேம்ஸ் தளம் இலவசமாக வழங்கும் ஊர்ப்பெயர்க் கோப்பில் வரிக்கு 19 புலங்கள் உண்டு. தலைப்பு வரி கிடையாது. கடல்மட்ட உயரம் போன்ற புலங்கள் பல வரிகளில் காலியாகவே இருக்கும். வரியைப் புலங்களாகப் பிரிக்கும் 'ஸ்ப்ளிட்' செயற்கூற்றை, பிரிப்பான் எதுவும் குறிப்பிடாமல் அழைத்தால், 'நியூ டெல்லி' இடைவெளியில் இரண்டாக உடைவதோடு, அடுத்தடுத்து வரும் டேப்கள் ஒன்றாகச் சுருங்கி, வலப்புறத்து மதிப்புகள் அனைத்தும் இடப்புறம் நகர்ந்துவிடும். டேப்பை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். அதற்கு முன் பழக்கத்தால் எழுதப்படும் 'ஸ்ட்ரிப்' யாருக்கும் உறுத்துவதில்லை. அது வரியிறுதிக் குறியோடு கடைசியில் உள்ள டேப்களையும் நீக்குவதால், இறுதிப் புலங்கள் காலியாக உள்ள வரிகள் குட்டையாகிவிடுகின்றன. பிறகு தலைப்புகளையும் மதிப்புகளையும் 'ஜிப்' கொண்டு கோக்கும்போது, இரண்டில் சிறியது முடிந்த இடத்தில் அதுவும் பேசாமல் நின்றுவிடும். பைத்தான் 3.10 முதல் 'ஜிப்'புக்கு 'ஸ்ட்ரிக்ட்' என்ற விருப்பம் உண்டு. அதை இயக்கி வைத்தால் நீளம் பொருந்தாத முதல் வரியிலேயே நிரல் நின்று முறையிடும். முறையிடட்டும் என்றே நான் பரிந்துரைக்கிறேன்.

கையால் பிரிப்பதை விட்டு, பைத்தானுடனேயே வரும் சிஎஸ்வி தொகுதியின் 'டிக்ட்ரீடர்' வகுப்பைப் பயன்படுத்துவது நல்ல முடிவுதான். ஆனால் அந்தத் தொகுதி காற்புள்ளிக் கோப்புகளின் மரபைச் சேர்ந்தது. ஒரு புலம் இரட்டை மேற்கோள் குறியில் தொடங்கினால், மூடும் குறி வரும்வரை உள்ள டேப்களையும் வரி முறிவுகளையும் அந்தப் புலத்தின் உள்ளடக்கமாகவே அது கொள்ளும். டேப் கோப்புக்கு இந்த மரபு பொருந்த வேண்டிய அவசியமே இல்லை. இணையத் தரநிலைப் பெயர்களைப் பதிவு செய்யும் ஐயானா அமைப்பில் 1993இல் பதிவான வரையறையின்படி புலத்துக்குள் டேப் வரவே கூடாது என்பதால், மேற்கோள் குறிக்கு அங்கே தனி வேலை எதுவும் இல்லை. ஐஎம்டிபி வெளியிடும் திரைப்படத் தரவுக் கோப்புகள் இவ்வகையைச் சேர்ந்தவை. அவற்றில் மேற்கோள் குறியும் பெயரில் உள்ள மற்றோர் எழுத்தே. தொடக்கக் குறி மட்டும் இருந்து மூடும் குறி இல்லாத ஒரு பெயர் எதிர்ப்பட்டால், அடுத்த மேற்கோள் குறி எங்கே கிடைக்கிறதோ அதுவரையிலான படங்கள் அனைத்தும் ஒரே படத்தின் பெயராகிவிடும். அப்படி உருவான வரியில் புலங்கள் குறைந்தால் 'டிக்ட்ரீடர்' அவற்றுக்கு 'நன்' என்ற வெற்று மதிப்பை இட்டு நிரப்பும். மிகுந்தால், மிகுந்தவற்றை 'நன்' என்ற சாவியின் கீழ் பட்டியலாகப் போட்டுவிடும். இரண்டுக்கும் எச்சரிக்கை கிடையாது.

விழுங்கப்பட்ட பகுதி 1,31,072 எழுத்துகளைத் தாண்டினால் மட்டும், புலம் வரம்பை மீறிவிட்டது என்ற பிழை வரும். அதைக் கண்டதும் வரம்பை உயர்த்தும் ஒரு வரியை எங்கிருந்தோ எடுத்து ஒட்டிவிட்டு நகர்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். ஒரு படத்தின் பெயர் லட்சம் எழுத்துகளுக்கு மேல் நீளுமா என்று பைத்தான் கேட்கிறது. வரம்பை உயர்த்துவது அந்தக் கேள்வியின் வாயை அடைப்பதாகும். 'கோட்_நன்' என்ற மாறிலியைக் கொடுத்து, மேற்கோள் குறிக்குத் தனிப்பொருள் இல்லை என்று தெரிவிப்பதே உரிய தீர்வு.

வரிகள் சரியாகப் பிரிந்த பிறகும் டிக்‌ஷனரியில் ஆபத்து உண்டு. ஒரே சாவி மறுபடியும் வந்தால் பழைய மதிப்பின் மேல் புதியது எழுதப்படும். ஐஎம்டிபியின் மாற்றுப் பெயர்க் கோப்பில் ஒரு படத்துக்குப் பல நாடுகளிலும் மொழிகளிலும் வழங்கும் பெயர்கள் ஒவ்வொன்றும் தனி வரி. எல்லா வரிகளிலும் படத்தின் அடையாள எண் ஒன்றே. அந்த எண்ணைச் சாவியாக்கினால் கடைசிப் பெயர் மட்டும் மிஞ்சும். அடையாள எண்ணையும் வரிசை எண்ணையும் சேர்த்துச் சாவியாக்கலாம், அல்லது ஒவ்வொரு சாவிக்கும் ஒரு பட்டியல் வைக்கலாம். எப்படிச் செய்தாலும், படித்த வரிகளின் எண்ணிக்கையும் சேமித்த பதிவுகளின் எண்ணிக்கையும் ஒத்துப்போகின்றனவா என்று நிரலே சோதித்து, இல்லையெனில் நின்றுவிட வேண்டும்.

மதிப்புகளை அவசரப்பட்டு எண்ணாக மாற்றுவதும் கூடாது: சென்னையின் தொலைபேசிக் குறியீடான 044, 44 ஆகிவிடும். ஜியோநேம்ஸ் கோப்பைப் பைத்தானின் தரவுப் பகுப்பாய்வு நூலகமான பாண்டாஸின் இயல்பு அமைப்பில் திறந்தால், நமீபியாவின் குறியீடான 'என்ஏ', மதிப்பு இல்லை என்று பொருள்கொள்ளப்படும். எக்செலில் இடையே ஒருமுறை திறந்து சேமிப்பதால் வரும் கேடு தனிக் கதை. 'மார்ச்1' போன்ற மரபணுக் குறியீடுகளை அது தேதியாக மாற்றிவந்ததால், 2020இல் அவற்றின் பெயர்களையே அறிவியல் உலகம் மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.

எழுத்துகள் கோப்பில் பைட்டுகளாகப் பதியும் முறையான குறியாக்கத்தை எப்போதும் யுடிஎஃப்-8 என்று வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். முதல் தலைப்பு கண்ணுக்குத் தெரிந்தும் அந்தச் சாவி இல்லை என்று பிழை வந்தால், கோப்பின் தொடக்கத்தில் பைட் வரிசைக் குறி என்ற, கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒளிந்திருக்கலாம். 'யுடிஎஃப்-8-சிக்' என்று திறந்தால் அது நீங்கும்.

தமிழ்ச் சொற்களைச் சாவியாக வைப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 'கோவை' என்பதன் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம். ஏகாரக் குறியும் துணைக்காலும் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல் தெரிந்தாலும், டிக்‌ஷனரிக்கு அவை வெவ்வேறு சாவிகள். 'யூனிகோட்டேட்டா' தொகுதியில் உள்ள 'நார்மலைஸ்' செயற்கூறு, என்எஃப்சி என்ற ஒருங்கிணைந்த வடிவில் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். கோப்பைப் படிக்கும்போது மட்டும் அதைச் செய்துவிட்டு, பயனர் தட்டச்சிடும் தேடல் சொல்லை அப்படியே விட்டால் பயனில்லை. இரண்டும் ஒரே செயற்கூறு வழியாகச் சென்றாக வேண்டும்.