பேச்சு வந்துவிட்டது, நடந்ததைச் சொல்ல வருகிறதா?

பேச்சு மொழிப் பயிற்சிக்காகக் குழந்தையை அழைத்து வரும் பெற்றோரின் கவலை பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். வார்த்தைகள் குறைவாக இருக்கின்றன, அல்லது உச்சரிப்பு தெளிவாக இல்லை. “எம் பிள்ளைக்கு நடந்ததைச் சொல்லத் தெரியல” என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் மிகக் குறைவு. ஆனால் பள்ளிக்குப் போகிற வயதில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

எப்படிப் பார்ப்போம் என்று சொல்கிறேன். நான்கு படங்களை வரிசையாக வைப்போம். ஒரு பையன் பந்தை எறிகிறான். பந்து குளத்தில் விழுகிறது. நாய் தண்ணீரில் குதிக்கிறது. கடைசிப் படத்தில் பையன் நனைந்த நாயைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். “என்ன நடந்துச்சு, சொல்லு” என்பதோடு நாங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

ஒரு குழந்தை “பையன், பந்து, நாய், தண்ணி” என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பெயர் சொல்லும். இன்னொரு குழந்தை “பையன் எறியுறான். அப்புறம் பந்து விழுது. அப்புறம் நாய் குதிக்குது. அப்புறம் முடிஞ்சுபோச்சு” என்று சொல்லி எழுந்துவிடும். மூன்றாவது குழந்தை, “பந்து தண்ணிக்குள்ள போயிடுச்சு. அவனுக்கு நீச்சல் தெரியாது, அதனால நாய் போய் எடுத்துக் குடுத்துச்சு. இப்போ அவனுக்கு ரொம்ப சந்தோஷம்” என்று சொல்லும்.

பையனுக்கு நீச்சல் தெரியாது என்று எந்தப் படத்திலும் இல்லை. நாய் பந்தை எடுத்துக் கொடுப்பதும் இல்லை. இரண்டு படங்களுக்கு நடுவில் இருந்த இடைவெளியைக் குழந்தை தானே நிரப்பிக்கொண்டது. ஏன் நடந்தது, யாருக்கு என்ன தோன்றியது என்று ஊகித்தது. மூன்று குழந்தைகளுக்கும் தெரிந்த சொற்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கலாம். அவற்றைக் கோத்துச் சொல்வதில்தான் வித்தியாசம். முதல் வகையிலிருந்து மூன்றாவது வகைக்கு வருவது பொதுவாக 3 வயதிலிருந்து 6 வயதுக்குள் நடக்கிறது.

இது வெறும் அழகுக்கான திறமை இல்லை. பேச்சு தாமதமான 4 வயதுக் குழந்தைகளில் யார் தானாகத் தேறுவார்கள், யாருக்குச் சிக்கல் நீடிக்கும் என்று டோரதி பிஷப், ஏ. எட்மண்ட்சன் என்ற இரு ஆய்வாளர்கள் இங்கிலாந்தில் தொடர்ந்து பார்த்து, 1987இல் வெளியிட்டார்கள். பல சோதனைகள் வைத்ததில், ஐந்தரை வயது நிலைமையை மற்றவற்றைவிடச் சரியாக முன்கூட்டிக் காட்டியது ஓர் எளிய சோதனைதான்: கேட்ட கதையைப் படங்களைப் பார்த்துத் திரும்பச் சொல்வது.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். பாடத்தைப் படித்துப் புரிந்துகொள்வதற்கும் இதே வேலைதான் வேண்டும். யார், எங்கே, என்ன சிக்கல், அதற்கு என்ன செய்தார்கள், என்ன ஆயிற்று. எழுத்துக்கூட்டி வேகமாக வாசித்துவிட்டு, “என்ன படிச்சே?” என்று கேட்டால் விழிக்கும் குழந்தைகளை ஆசிரியர்கள் அறிவார்கள்.

வகுப்பைத் தாண்டியும் இது தேவைப்படுகிறது. சண்டையில் “அவன் அடிச்சான்” என்று மட்டும் சொல்லத் தெரிந்த குழந்தை, அதற்கு முன்னால் நடந்ததை விளக்கத் தெரிந்த குழந்தையிடம் எப்போதும் தோற்றுப்போகும். இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. தன்னிடம் யாராவது தவறாக நடந்துகொண்டால், யார், எங்கே, எப்போது, என்ன செய்தார் என்று மூன்றாம் மனிதருக்கும் புரியும்படி குழந்தையால் சொல்ல முடிய வேண்டும். நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் என்று பாடம் எடுக்கிறோம், சரி. ஆனால் சாதாரண நாளில் சாதாரண விஷயத்தைச் சொல்லிப் பழகாத குழந்தை, பயந்துபோன நாளில் கோவையாகச் சொல்லும் என்று எப்படி எதிர்பார்ப்பது?

இந்தத் திறமை தினமும் கதை கேட்பதால் மட்டும் வந்துவிடாது. கைபேசியில் நாள் முழுக்கக் கதை ஓடினாலும், அங்கே குழந்தை சொல்வதைக் கேட்க ஆள் இல்லை. கேட்பது தேவைதான், ஆனால் சொல்வதுதான் பயிற்சி. அதிலும் கற்பனைக் கதையைவிட, இருவரும் சேர்ந்து அனுபவித்த ஒரு சம்பவத்தைத் திரும்பப் பேசுவது நன்றாக வேலை செய்கிறது. “பூங்காவுக்குப் போனோமே, யாரைப் பார்த்தோம்? என்ன பார்த்தோம்? சொல்லு” என்று கேட்டால் அது தேர்வு. “பூங்காவுல திடீர்னு மழை வந்துச்சே, நான் குடையைத் தேடினா காணோம்... அப்போ நீ என்னமோ பண்ணினியே?” என்று பாதி சொல்லிவிட்டு நிறுத்தினால் அது அழைப்பு. நியூசிலாந்தில் எலெய்ன் ரீஸ், ரோண்டா நியூகோம்ப் இருவரும் தாய்மார்களுக்கு இப்படி விரித்துப் பேசப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 2007இல் வெளியான அந்த ஆய்வில், பயிற்சி பெற்றவர்களின் குழந்தைகள் பழைய நிகழ்ச்சிகளை அதிக விவரத்தோடு சொன்னார்கள்.

நடுவில் ஒரு வேண்டுகோள். குழந்தை கதையை முடித்த கையோடு “சரி, இதிலிருந்து என்ன கத்துக்கிட்டே?” என்று கேட்காதீர்கள். அடுத்த முறை அது கதை சொல்லாது, பதில் சொல்லும்.

அடுத்தவர் சொல்வதை முழுதாகக் கேட்பதில் பெரியவர்கள் மட்டும் என்ன ஒழுங்கு? அமெரிக்காவில் ஹோவர்ட் பெக்மன், ரிச்சர்ட் ஃபிராங்கல் இருவரும் நோயாளிகளின் 74 சந்திப்புகளைப் பதிவுசெய்து கேட்டார்கள். நோயாளி தன் குறையைச் சொல்லத் தொடங்கிச் சராசரியாக 18 விநாடிகளில் மருத்துவர் குறுக்கிட்டிருந்தார். சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தவர்கள் 23 சதவீதம் மட்டுமே. இது வெளியானது 1984இல். வீட்டில் யாராவது பேசத் தொடங்கும்போது நாம் எத்தனை விநாடி பொறுக்கிறோம் என்று பார்த்தால் மருத்துவரைக் குறைசொல்லத் தோன்றாது.

கதை சொல்வது பண்பாட்டுக்கு முக்கியம் என்று மேடையில் பேசும்போது எல்லோரும் தலையாட்டுவார்கள். எனக்கு அதில் நினைவுக்கு வருவது இந்தோனேசியாவின் சிமெலூ தீவு. 1907இல் அங்கே சுனாமி தாக்கிப் பலர் இறந்தார்கள். தப்பித்தவர்கள் அதைப் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். பிள்ளைகள் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். நிலம் பலமாக ஆடும், பிறகு கடல் உள்வாங்கும், உடனே மேட்டுக்கு ஓடு. அந்தப் பேரலைக்கு அவர்கள் வைத்த பெயர் ‘ஸ்மோங்’. 97 ஆண்டுகள் கழித்து, 2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்தது அந்தத் தீவு. நிலம் ஆடியதும் மக்கள் ‘ஸ்மோங்’ என்று கத்திக்கொண்டு மலையேறினார்கள். சுமார் 78,000 பேர் வாழ்ந்த தீவில் இறந்தவர்கள் 7 பேர். முதலில் என்ன நடந்தது, அடுத்து என்ன, அப்போது என்ன செய்தோம் என்பதுதான் அந்தக் கதையின் எலும்புக்கூடு. நான்கு படங்களை வைத்துக் குழந்தையிடம் நாங்கள் கேட்பதும் அதே எலும்புக்கூடுதான்.

கோவையாகச் சொல்லப்பட்ட பொய்யும் இதே வலிமையோடு பரவும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. தெரிந்தவருக்கு நடந்ததாக வரும் ஒரு வாட்ஸ்அப் கதை, நூறு புள்ளிவிவரங்களைத் தள்ளிவிட்டு மனதில் உட்கார்ந்துகொள்ளும். அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

எப்போது உதவி தேட வேண்டும்? 5 வயது முடிந்த பிறகும், உடனில்லாத ஒருவருக்குப் புரியும்படி ஒரு சிறு சம்பவத்தைச் சொல்ல முடியவில்லை என்றால். யாரைப் பற்றிச் சொல்கிறது என்பதே விளங்கவில்லை, முன்பின் குழம்புகிறது, ஒவ்வொன்றையும் நீங்களே கேட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது என்றால். இதைச் சோதிக்கும்போது பள்ளி மொழியில் சொல்லச் சொல்ல வேண்டாம், வீட்டு மொழியிலேயே கேளுங்கள். கதையைக் கோக்கும் அறிவு ஒரு மொழியில் வந்துவிட்டால் அடுத்த மொழிக்கும் பெரும்பாலும் கூடவே போகும். வீட்டு மொழியில் சரளமாகச் சொல்கிற குழந்தை பள்ளி மொழியில் தடுமாறினால் அது புது மொழிக்கான நேரம், விட்டுவிடலாம். வீட்டு மொழியிலும் வரவில்லை என்றால், வளர வளரச் சரியாகிவிடும் என்று காத்திருக்காமல் பேச்சு மொழிப் பயிற்சியாளர் ஒருவரைப் பாருங்கள். போகும்போது குழந்தை வீட்டில் ஏதாவது சொல்வதைக் கைபேசியில் பதிவுசெய்து கொண்டுபோனால் நல்லது, ஏனென்றால் புது இடத்தில் பல குழந்தைகள் வாயே திறக்க மாட்டார்கள்.