கருமுட்டை அல்ல, சினைமுட்டை

“மாதந்தோறும் ஒரு கருமுட்டை வெளிவருகிறது” என்றே மருத்துவக் கட்டுரைகள் திரும்பத் திரும்ப எழுதுகின்றன. வெளிவரும் முட்டையில் கரு ஏது? விந்தணு சேர்ந்த பிறகு உண்டாவதுதான் கரு.

இதன் மருத்துவப் பெயர் ‘ஓவம்’. லத்தீனில் அதற்கு முட்டை என்று பொருள், அவ்வளவுதான். தமிழில் அதற்குச் ‘சினை’ உண்டு. மீன் வயிற்றில் இருப்பதைச் சினை என்றுதானே சொல்கிறோம். அதிலிருந்து வந்தவை சினைப்பை (முட்டை உண்டாகும் உறுப்பு), சினைமுட்டை.

“சினைமாடு என்றால் கருவுற்ற மாடு, ஆகவே சினையும் கருவும் ஒன்றே” என்பார்கள். சினைக்கு இரு பொருளும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கருவுற்ற பெண்ணை யாரும் சினை என்பதில்லை. ‘சினைப்பை நீர்க்கட்டி’ என்று படிப்பவர் தடுமாறுவதும் இல்லை. தடுமாற வைப்பது கருமுட்டைதான். குழந்தைப்பேறு சிகிச்சையில் முட்டையை உறையவைப்பது வேறு, கருவை உறையவைப்பது வேறு. முன்னதில் விந்தணு சேரவில்லை. பின்னதில் சேர்ந்து, செல்கள் பிரியவும் தொடங்கிவிட்டன. தானமும் அப்படியே: முட்டை தானத்தில் ஒருவருடைய உயிரணு, கரு தானத்தில் இருவருடையது. ஒப்புதல் படிவத்தில் ‘கருமுட்டை’ என்று அச்சிட்டால், கையெழுத்திடுபவர் எதற்கு ஒப்புகிறார்? மொழிபெயர்ப்பாளர்கள் இதை யோசிப்பதே இல்லை.

சினைப்பைப் பக்கமிருந்து கருப்பைக்குச் செல்லும் குழாயைக் ‘கருக்குழாய்’ என்பது அடுத்த பிழை. இத்தாலிய உடற்கூறியலாளர் ஃபலோப்பியோ 1561இல் அந்த உறுப்பை ‘டூபா’ என்றார். எக்காளம் என்று பொருள். விரிந்த வாய் சினைப்பையை நோக்கியிருக்கும், ஆனால் அதனுள் திறக்காது. வாயோரத்து விரல்போன்ற இழைகள்தாம் முட்டையை வாரி உள்ளே சேர்க்கின்றன. ஏறக்குறைய 0.1 மி.மீ. அகலமுள்ள முட்டைக்குத் தானாக நகரத் தெரியாது. உட்சுவரின் நுண்மயிர்களும் தசைச் சுருக்கமும் அதைத் தள்ளுகின்றன. குழாய் 10 முதல் 12 செ.மீ. நீளம். அதன் அகன்ற பகுதியில், வெளிவந்த 12 முதல் 24 மணி நேரத்துக்குள் விந்தணு சேர்ந்தால் கரு. இல்லையேல் முட்டை சிதைந்துவிடும். உண்டான கரு சுமார் 3, 4 நாளில் கருப்பைக்குள் இறங்கும், பதிவது அதற்கும் பிறகு. தொற்றால் நுண்மயிர்கள் கெட்டிருந்தாலோ குழாய் தழும்பேறிக் குறுகியிருந்தாலோ கரு வழியிலேயே பதிந்து வளரும். குழாய் வெடித்தால் உள்ளே இரத்தம் கொட்டி உயிருக்கே ஆபத்து.

கரு தங்கக் கூடாத இடத்துக்குக் கருக்குழாய் என்று பெயர் சூட்டியிருக்கிறோம். ‘சினைக்குழாய்’ என்று எழுதினால், சினைப்பையிலிருந்து வருவதை ஏந்தும் வழி என்பது சொல்லிலேயே இருக்கும். “சினைக்குழாயில் கரு தங்கிவிட்டது” என்று மருத்துவர் சொன்னால், அது ஏன் கேடு என்பதும் கேட்டவுடன் விளங்கும்.