“கோர்ட்ல இருந்து பேசறோம்”: கடன் வசூல் போன் வந்தால்

குப்புற வைத்திருந்த அந்த போன் அரை மணி நேரத்தில் 11 முறை அதிர்ந்தது. ஒவ்வொரு அதிர்வுக்கும் என் மேஜைக் கண்ணாடி மேல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து ஓரத்துக்கே வந்துவிட்டது. போனுக்குச் சொந்தக்காரர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே அவருக்குத் தைரியம் இல்லை. “எடுக்கலைன்னா வேற வேற நம்பர்ல கூப்படறாங்க மேடம். எடுத்தா காது கொடுத்துக் கேக்க முடியாத பேச்சுங்க” என்றார்.

அடுத்த முறை அடித்தபோது ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். “கோர்ட்ல இருந்து பேசறோம். வாரண்ட் ரெடியாயிருச்சு. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள கட்டலைன்னா வீட்டுக்கு போலீஸ் வரும்” என்றது ஒரு இளவயதுக் குரல். எந்தக் கோர்ட், வழக்கு எண் என்ன என்று கேட்டேன். பதில் இல்லை. அவருக்குப் பின்னால் பத்துப் பேர் இதையே வேறு யாரிடமோ சொல்லிக்கொண்டிருக்கும் இரைச்சல் மட்டும் கேட்டது. அப்புறம் லைன் கட் ஆனது.

திருப்பூரில் வக்கீல் தொழில் செய்கிறேன். ஆர்டர் குறைந்து ஷிப்ட் குறையும் மாதங்களில் இப்படி வருகிறவர்கள் அதிகம். (இங்கே எழுதுவதில் ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) வாங்கிய கடனைக் கட்ட வேண்டாம் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. கட்ட வேண்டியது கட்ட வேண்டியதுதான். ஆனால் வசூல்காரரின் பலம் முழுக்கப் பேச்சில் இருக்கிறது. பேச்சை எழுத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் அந்தப் பலத்தில் பாதி போய்விடும்.

முதலில், அந்தப் பக்கம் பேசுவது யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் வங்கி ஊழியர் இல்லை, வங்கியோ நிதி நிறுவனமோ அமர்த்திய ஏஜென்சியின் டெலிகாலர். டியூ தேதி தாண்டியதும் உங்கள் கணக்கு ‘பக்கெட்’ மாறிக்கொண்டே போகும். 30 நாள் வரை ஒன்று, 60 வரை அடுத்தது, 90 வரை அதற்கடுத்தது. 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன். பக்கெட் மாற மாற ஆள் மாறுவார், குரலும் மாறும். முதல் மாதம் ‘மேடம்’ என்றவர்கள் மூன்றாம் மாதம் ‘ஏம்மா’ என்பார்கள்.

ஒவ்வொரு அழைப்பிலும் அவர்களுக்கு வேண்டியது ஒரு தேதி. ‘பி.டி.பி.’ என்பார்கள், அதாவது இந்த நாளில் கட்டுகிறேன் என்று நீங்கள் ஒப்புக்கொண்ட வாக்கு. போனை வைத்தால் போதும் என்ற பதற்றத்தில் நம்மவர்கள் “நாளைக்குக் கட்டிடறேங்க” என்று சொல்லிவிடுகிறார்கள். கையில் பணமில்லை என்பது சொல்லும்போதே தெரியும். நாளை மறுநாள் பேசுகிறவர் “வாக்கு தவறினவர்” என்ற குறிப்பைப் பார்த்துக்கொண்டுதான் பேச ஆரம்பிப்பார். மனசுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தாலும் பொய்த் தேதி மட்டும் கொடுக்காதீர்கள். “இந்த மாதம் முடியாது, 10-ஆம் தேதி சம்பளத்தில் இவ்வளவு கட்ட முடியும்” என்பது உண்மையானால் அதைச் சொல்லுங்கள்.

அழைப்பதற்கு நேரம் உண்டு. 2022 ஆகஸ்ட் 12-ஆம் தேதி ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, தவணை தவறிய கடனுக்காகக் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது. குழுக் கடன் போன்ற மைக்ரோ ஃபைனான்ஸ் கடனுக்கு இன்னும் கெடுபிடி: காலை 9 முதல் மாலை 6 வரைதான். மிரட்டுவது, திட்டுவது, யாரென்று சொல்லாமல் கூப்பிடுவது, குடும்பத்தாரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்வது, நாலு பேர் முன்னால் அசிங்கப்படுத்துவது எல்லாமே தடை செய்யப்பட்டவை. ஏஜென்சி தப்பு செய்தாலும் பொறுப்பு கடன் கொடுத்த நிறுவனத்துக்குத்தான். “அது ஏஜென்சி ஆளுங்க, எங்களுக்குத் தெரியாது” என்று கிளையில் சொன்னால் ஏற்காதீர்கள். எந்த ஏஜென்சியிடம் உங்கள் கணக்கு இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிவிக்கும் கடமையும் வங்கிக்கு உண்டு.

சரி, வாரண்ட் கதைக்கு வருவோம். தவணை கட்ட முடியாமல் போவது சிவில் விவகாரம். அதற்காக மட்டும் யாரும் ஜெயிலுக்குப் போவதில்லை. ஆனால் இதில் பாதி உண்மையை மட்டும் சொல்லி உங்களை அனுப்ப எனக்கு மனமில்லை. நீங்கள் கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆம் பிரிவில் வழக்குப் போட முடியும். வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் ஈ.சி.எஸ். தவணை பணமில்லாமல் திரும்பினால், 2007-இல் வந்த பணப்பட்டுவாடா முறைமைகள் சட்டத்தின் 25-ஆம் பிரிவு இருக்கிறது. இரண்டும் குற்ற வழக்குகள்தான். ஆனாலும் முதலில் எழுத்தில் நோட்டீஸ் வர வேண்டும், கட்டுவதற்கு 15 நாள் தர வேண்டும், அதற்குப் பிறகே வழக்கு, சம்மன். காலையில் போன் செய்து சாயங்காலம் போலீஸ் அனுப்பும் கோர்ட் எங்கேயும் இல்லை. சம்மனை வாங்கிக்கொண்டு ஆஜராகாமல் இருந்தால்தான் வாரண்ட் வரும்.

அதனால் தபாலில் வருவதை வாங்க மறுக்காதீர்கள். போனுக்கு நடுங்குகிற பலர், பதிவுத் தபாலை மட்டும் தைரியமாகத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். உண்மையில் கவனிக்க வேண்டியது அதைத்தான். நடுவர் மன்ற நோட்டீஸ் (கோர்ட்டுக்கு வெளியே தனி நடுவர் ஒருவர் விசாரிப்பது) வந்தால் கண்டிப்பாகப் பதில் போட வேண்டும். போகாமல் விட்டால் உங்களைக் கேட்காமலேயே தீர்ப்பு ஆகிவிடும். லோக் அதாலத் நோட்டீஸ் என்றால் சமரசத்துக்கு அழைக்கிறார்கள் என்று அர்த்தம், போய்ப் பேசலாம்.

கடன் ஆப் விஷயம் வேறு. மார்பிங் செய்த (முகத்தை ஒட்டி ஆபாசமாக மாற்றிய) படத்தைத் தன் அக்கா கணவருக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கல்லூரிப் பெண் ஒருத்தி என்னிடம் வந்தாள். வாங்கியது 6,000 ரூபாய். “வீட்ல சொல்றதுக்கு முன்னாடி செத்துரலாம்னு நெனச்சேன் மேடம்” என்று அவள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. இதைப் படிக்கும் யாருக்காவது அந்த எண்ணம் வந்திருந்தால், இன்றைக்கே வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அரசின் உதவி எண் 104-க்குக் கூப்பிடுங்கள். அந்தப் படத்தில் வெட்கப்பட வேண்டியது அதைச் செய்தவன்தான். கடன் தரும் ஆப் உங்கள் போனிலுள்ள தொடர்பு எண்களையும் போட்டோக்களையும் எடுக்கக் கூடாது என்று 2022 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி விதி போட்டுவிட்டது. நிறுவனங்கள் அறிவித்துள்ள ஆப்களின் பட்டியல் 2025 ஜூலை முதல் ரிசர்வ் வங்கி இணையதளத்தில் இருக்கிறது. கடன் வாங்கும் முன் அதில் தேடுங்கள். படம் பரப்பினால் எண்ணை பிளாக் செய்வதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். மிரட்டலுக்குப் பாரதிய நியாய சன்ஹிதா 351-ஆம் பிரிவு இருக்கிறது. அடாவடி வசூலைத் தடுக்கத் தமிழ்நாடு அரசும் 2025-இல் தனிச் சட்டம் கொண்டுவந்திருக்கிறது. பக்கத்துக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

இன்னொன்று, ஏஜென்ட் “என் ஜிபேக்குப் போடுங்க, நான் கட்டிடறேன்” என்றால் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். பணம் போக வேண்டியது கடன் கணக்குக்கு. “பாதி கட்டுங்க, முடிச்சிடலாம்” என்றால் நிறுவனத்தின் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் கட்ட வேண்டும். அப்படி முடித்தால் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று விழும், அடுத்த கடனுக்கு அது இடிக்கும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஓவர்லாக் அம்மாவிடம் அன்றைக்கு நான் கேட்டது ஒரு பழைய நோட்டு. மகன் மீதம் வைத்த ரஃப் நோட்டு இருக்கிறது என்றார். தேதி, மணி, எண், பேசியவர் சொன்ன பெயர், ஏஜென்சி, என்ன சொன்னார் என்று ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு வரி எழுதச் சொன்னேன். ஒரு நாளைக்கு ஒரு அழைப்பை எடுத்தால் போதும், அதைப் போனில் ரெக்கார்ட் செய்துகொள்ளுங்கள், “எதுவா இருந்தாலும் எழுத்துல அனுப்புங்க” என்று சொல்லிவிட்டு வையுங்கள் என்றேன். ஒரு வாரத்தில் நாலு பக்கம் நிறைந்தது. காலை 6.50-க்கு ஒன்று, இரவு 9.15-க்கு ஒன்று, கம்பெனி சூப்பர்வைசருக்குப் போன ஒன்று. அந்தப் பக்கங்களைப் படமெடுத்து, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் பன்னிரண்டு வரியில் மின்னஞ்சல் அனுப்பினோம்: கடன் எண், தவறிய இரண்டு தவணை, வேலை குறைந்த காரணம், 10-ஆம் தேதிக்கு மேல் கட்ட முடிந்த தொகை. 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லாவிட்டாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ரிசர்வ் வங்கியின் சி.எம்.எஸ். என்ற புகார் இணையதளத்தில் புகார் போடக் கட்டணம் கிடையாது, விவரம் கேட்க 14448.

அவ்வளவு தூரம் போகத் தேவைப்படவில்லை. ஒன்பதாம் நாள் பதில் வந்தது. தவறிய தவணைகளை மீதி மாதங்களில் பிரித்துக் கட்ட ஒப்புக்கொண்டார்கள். அழைப்பு முழுதாக நிற்கவில்லை, மாதம் ஒன்றோ இரண்டோ வருகிறது, பகலில். போன வாரம் அந்த நோட்டை எடுத்துவந்து காட்டினார். கடைசி வரி: “11.20. பொண்ணு பேசுச்சு. மேடம்னு சொல்லுச்சு. ரசீது அனுப்பிட்டாங்க.”