வண்ணக் கண்ணாடியைத் தின்னும் தண்ணீர்

தேவாலய ஜன்னலில் எந்தக் கண்ணாடி பழசு, எது பின்னால் மாற்றியது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

இங்கிலாந்தின் கேன்டர்பரி பேராலயத்தில் 1170-இல் பேராயர் தாமஸ் பெக்கெட் கொல்லப்பட்டார். அவர் கல்லறை யாத்திரைத் தலமானது. அங்கே நடந்ததாகச் சொல்லப்பட்ட அற்புதங்களை ஜன்னல்களில் தீட்டி வைத்தார்கள். 1538-இல் எட்டாம் ஹென்றி ஆட்சியில் சன்னதி இடிக்கப்பட்டது. ஜன்னல்கள் பல தப்பின. அவற்றில் யாத்திரிகர்கள் பயணம் போகும் காட்சி ஒன்று விக்டோரியா காலத்து நகல் என்றே கருதப்பட்டது. துண்டு துண்டாக நுண்ணோக்கியில் ஆராய்ந்ததில் அதன் பெரும்பகுதி 1180-களைச் சேர்ந்தது என்று 2018-இல் தெரியவந்தது.

செய்முறை தெரிந்ததுதான். கோபால்ட் சேர்த்தால் நீலம், தாமிரம் சேர்த்தால் சிவப்பு. உலோக ஆக்சைடும் கண்ணாடித் தூளும் குழைத்து முகம் தீட்டி, சுமார் 600 டிகிரியில் சுட்டு, ஈயப் பட்டையில் பூட்டுவார்கள். சூடு குறைந்தால் தீட்டியது பின்னாளில் உதிரும்.

பழசைக் காட்டிக்கொடுப்பதில் முக்கியமானது அரிப்பு. மணல் தனியாக உருக சுமார் 1,700 டிகிரி வேண்டும். அதைக் குறைக்க, இரண்டு பங்கு மரச்சாம்பலுக்கு ஒரு பங்கு மணல் சேர்த்தார்கள். சாம்பலின் பொட்டாசியம் சிலிக்கா வலையை, அதாவது மணலின் அணுக்கள் பின்னிய கட்டமைப்பை, தளர்த்திவிடுகிறது. கண்ணாடிமேல் ஈரம் படிந்தால் நீரின் ஹைட்ரஜன் அயனி உள்ளே நுழைகிறது, பொட்டாசியம் வெளியேறுகிறது. மேற்பரப்பு நீர் கோத்த மெல்லிய படலமாகி, காயும்போது விரிசல் விடுகிறது. வெளியேறிய பொட்டாசியம் அதே ஈரத்தைக் காரமாக்குகிறது. காரத்தன்மையைக் காட்டும் pH அளவு 9-ஐத் தாண்டினால் சிலிக்கா வலையே கரையத் தொடங்கும். அங்கே குழி விழும், குழியில் ஈரம் தங்கும், குழி ஆழமாகும். இந்தச் சுழற்சியின் நேர்த்தி வியக்க வைக்கிறது! காற்றில் கந்தக டைஆக்சைடு இருந்தால் ஜிப்சம் பொருக்கும் சேர்ந்துகொள்ளும். 12-ஆம் நூற்றாண்டு ஜன்னல்கள் சிலவற்றில் மரச்சாம்பலுக்குப் பதில் சோடா (சோடியம் உப்பு) கலந்த நீலத் துண்டு பளபளவென்றிருக்க, பக்கத்துத் துண்டு குழி விழுந்து மங்கியிருப்பது இதனால்தான்.

பழைய கண்ணாடி அடியில் தடித்திருப்பது அது மெல்ல வழிவதால் என்பது இன்னும் வகுப்பறைகளில் சொல்லப்படும் கட்டுக்கதை. ஊதித் தட்டையாக்கும்போதே தகடு ஒரே தடிமனில் அமையாது.

பொருக்கைச் சுரண்டினால் கீழுள்ள படலமும் தீட்டலும் போய்விடும். புதிதாகத் திறந்த பரப்பில் அரிப்பு மறுபடி தொடங்கும். அதனால் வெளிப்புறம் வேறொரு கண்ணாடியைப் பொருத்தி, சில சென்டிமீட்டர் உள்ளே தள்ளிப் பழையதை மாட்டுகிறார்கள். இடைவெளி மேலும் கீழும் கட்டடத்தின் உட்பக்கம் திறந்திருக்க வேண்டும். பழைய கண்ணாடியின் இருபுறமும் அறையின் வெப்பநிலை நிலவும். குளிரில் வியர்ப்பது வெளிக் கண்ணாடி மட்டுமே. இடைவெளியை அடைத்துவிட்டால் ஈரம் உள்ளேயே சிக்கி நிலைமை மோசமாகும். திருவிழா அலங்காரத்துக்குக் கொடுக்கும் தொகையில் கொஞ்சம் இந்த வேதியியல் ஆய்வுக்கும் கொடுக்கலாம் என்பது என் கருத்து.